2 அடி டேங்க்ல ஜோடி ஜோடியா மீன் விடலாமா? நியான் டெட்ரா நம்ம வெயிலுக்குத் தாங்குமா?

போரூர்_கார்த்தி:
வணக்கம் மக்களே. புதுசா டேங்க் வாங்கிருக்கேன், 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம். இன்னும் மீன் விடல. மணல் போட்டு ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஓடிட்டு இருக்கு, கொஞ்சம் வாலிஸ்னேரியா செடியும் ஒரு மரக்கட்டையும் வச்சிருக்கேன். கடைல கேட்டா அந்த அண்ணன் ஒரு லிஸ்ட் போட்டுக் குடுத்தார், நியான் ஒரு ஜோடி, பிளாக் விடோ ஒரு ஜோடி, டைகர் பார்ப் ஒரு ஜோடி, ஏஞ்சல் ஒரு ஜோடி, ஜீப்ரா ஒரு ஜோடி, அழுக்கு திங்க ஒரு சக்கர். எல்லாம் சேந்தா கலர்ஃபுல்லா இருக்கும்னார். என் பொண்ணு யூடியூப்ல நியான் கூட்டமா போறத பாத்துட்டு அதே மாதிரி வேணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறா. தண்ணி போர் தண்ணி, தண்ணில கரைஞ்ச உப்பு அளக்கற டிடிஎஸ் மீட்டர் 900 காட்டுது. வீடு மொட்டை மாடிக்கு நேர் கீழ, மே மாசம் உள்ள உக்கார முடியாது. லிஸ்ட் ஓகேவா?

மதுரை_மீனாள்:
ஏஞ்சல் வளந்துச்சுன்னா நியானைத் தின்னுரும். அமேசான் பக்கமே அதுக்கு அதான் சாப்பாடு. ராத்திரிக்கு ராத்திரி எண்ணிக்கை குறையும், நீங்க காலைல கட்டைக்கு அடியில தேடிக்கிட்டு இருப்பீங்க.

தொட்டி_ரவி:
கார்த்தி, அந்த லிஸ்ட்ட கிழிச்சுப் போடுங்க மொதல்ல.

நம்மூர்ல மீன் வாங்கறதே ஜோடிக் கணக்குல தான், கடைக்குள்ள போன உடனே "ஜோடி எவ்ளோண்ணே"ன்னு தான் கேக்குறோம், அவரும் அதே கணக்குல வலை போட்டு எடுத்துக் குடுக்குறார். ஏஞ்சலுக்கு ஜோடி சரி, அது ஜோடி சேந்து முட்டைய காவல் காக்குற மீன். நியான், ஜீப்ரா, பார்ப் எல்லாம் அந்த ஜாதியே இல்ல. கூட்டத்துல இருக்கறது தான் அதுங்களுக்குப் பாதுகாப்பு. பெரிய மீன் வந்து பாயும்போது ஒரே மாதிரி நூறு மீன் ஒண்ணா திரும்புச்சுன்னா எதைப் பிடிக்கறதுன்னு அதுக்குக் குழம்பிரும். பக்கத்து மீன் எந்தப் பக்கம் திரும்புதுங்கறத கண்ணாலயும் பாக்கும், உடம்போட ரெண்டு பக்கமும் ஓடுற உணர்வுக் கோட்டாலயும் தண்ணி அசையறத வச்சு தெரிஞ்சுக்கும். அப்படி உடம்பே கூட்டத்துக்குன்னு அமைஞ்ச மீன்ல ரெண்டே ரெண்ட புடிச்சு டேங்க்ல விட்டா அது நாள் பூரா யாரோ திங்க வர்றாங்கன்னே இருக்கும். மூலைல ஒளியும், சரியா சாப்பிடாது, கலர் வெளுக்கும், கடைசில ஒரு நோய் வந்து போகும். நியான் ரொம்ப டெலிகேட்டுப்பான்னு நாம சொல்லிக்குவோம்.

டைகர் பார்ப் கதை இதுக்கு நேர் எதிர். பத்து விட்டா ஒண்ணை ஒண்ணு தொரத்திக்கிட்டு அதுக்குள்ளயே சண்டைய முடிச்சுக்கும். ரெண்டு விட்டா ஏஞ்சலோட தொங்குற துடுப்ப கடிக்க ஆரம்பிச்சுரும்.

சக்கர் வேணவே வேணாம். கடைல விரல் நீளம் இருக்கும், ஒரு அடிக்கு மேல வளரும், அழுக்கு திங்கறத விட போடற அழுக்கு ஜாஸ்தி. வளந்ததும் எடத்துக்கு வழியில்லாம ஏரில கொண்டு போய் விட்டுட்டு வந்துருவாங்க, இப்ப நம்ம ஏரி குளத்துல வலை போட்டா அது தான் முள்ளு முள்ளா மாட்டுது.

ஒரே ஒரு வகை, 10 இல்லன்னா 12. அவ்ளோதான் 2 அடி டேங்க்.

போரூர்_கார்த்தி:
நன்றிண்ணா, இவ்ளோ யோசிக்கவே இல்ல. ஆனா அவர் ஜோடியா தான் தருவாராம்.

தொட்டி_ரவி:
ஆறு ஜோடி கேளுங்க, சந்தோஷமா குடுப்பார்.

சிறுவாணி_செந்தில்:
ஏனுங் ரவி, ஆறு மீன் போதுமுங்க, எதுக்கு பன்னெண்டு? நான் நியான் தான் வச்சிருக்கேன், ஒரு தொந்தரவும் இல்லீங்க. எங்க கோயமுத்தூர்ல சிறுவாணித் தண்ணி, குளோரின் மட்டும் எடுத்துப்போட்டு அப்படியே ஊத்தறதுதான். சும்மா நியான் கஷ்டம் கஷ்டம்னு புதுசா வர்றவங்கள பயமுறுத்தாதீங்க.

தொட்டி_ரவி:
செந்தில் சார் உங்களுக்குக் குழாய்லயே அமேசான் வருது, போரூர்காரருக்கு உப்பு வருது. அது வேற ஊரு, இது வேற ஊரு.

நியான் பெரு, கொலம்பியா, பிரேசில் பக்கம் அமேசானோட மேல் பகுதி ஓடைல இருக்கற மீன். டீ டிக்காஷன் கலர்ல தண்ணி, உப்புச் சத்து கிட்டத்தட்ட இல்லவே இல்ல, மேல காடு மூடியிருக்கும். கடைல வர்றது பெரும்பாலும் பண்ணைல பொரிச்சது, அதனால கொஞ்சம் கடின தண்ணியும் பழகிருக்கும், ஒத்துக்கறேன். ஆனா 900? அதோட சூடு. நியானுக்கு 22ல இருந்து 26 டிகிரி வரைக்கும் சுகம். மாடிக்குக் கீழ இருக்கற வீட்டுல மே மாசம் டேங்க் தண்ணி 32, 33க்கு சாதாரணமா போகும். அந்த சூட்டுல தண்ணில ஆக்சிஜனும் கம்மி, மீனுக்குத் தேவையும் ஜாஸ்தி, ரெண்டு பக்கமும் அடி.

ஆறா பத்தாங்கற சண்டைக்கு நான் வரல. ஆறுல ரெண்டு செத்தா நாலு, நாலு கூட்டம் இல்ல. பன்னெண்டுல ரெண்டு போனாலும் பத்து நிக்கும், என் கணக்கு அதான்.

போரூர்_கார்த்தி:
அப்ப கேன் வாட்டர் ஊத்தினா? வீட்டுக்கு கேன் வருது, அதுல டிடிஎஸ் 50 தான் காட்டுது.

மதுரை_மீனாள்:
முழுசா கேன் தண்ணி மட்டும் ஊத்தாதீங்க தம்பி. அது உப்ப வடிகட்டின ஆர்ஓ தண்ணி, பிஎச்ச (புளிப்புத் தன்மை அளவ) பிடிச்சு நிறுத்துற கார்பனேட்டே அதுல இருக்காது, கொஞ்ச நாள்ல மீனோட கழிவு சேர சேர பிஎச் திடீர்னு கீழ விழுந்துரும். கலக்கணும். உங்க டேங்க்ல மணல், கட்டை எல்லாம் போக 45 லிட்டர் நிக்கும்னு வச்சுக்கோங்க. 37 லிட்டர் கேன் தண்ணிக்கு 8 லிட்டர் போர் தண்ணி, கிட்டத்தட்ட 200 வரும். அதாவது மொதல் தடவைக்கு ரெண்டு கேன், அப்புறம் வாராவாரம் கால்வாசி மாத்த அரைக் கேன்.

இன்னொன்னு, இதை யாரும் சொல்ல மாட்டாங்க. வெயில் காலத்துல தண்ணி ஆவியாகி மட்டம் இறங்கும்ல, அப்ப இறங்கின அளவுக்கு கேன் தண்ணி மட்டும் ஊத்துங்க. ஆவியாகறது தண்ணி தான், உப்பு உள்ளயே நிக்கும். அதுக்கு மேல போர் தண்ணிய ஊத்திக்கிட்டே இருந்தா கோடை முடியறதுக்குள்ள 200 எங்கயோ ஏறிப் போயிருக்கும்.

அக்வா_நெல்லை:
ஒரு சின்ன திருத்தம். டிடிஎஸ்ஸும் கடினத்தன்மையும் ஒண்ணு கிடையாது. மீட்டர் தண்ணில மின்சாரம் எவ்வளவு பாயுதுன்னு பாத்து மொத்தமா ஒரு நம்பர் சொல்லுது, அது சுண்ணாம்பா, சாப்பாட்டு உப்பா, வேற எதுவுமான்னு அதுக்குத் தெரியாது. கடலோரமா சில இடத்துல 900ல முக்கால்வாசி வெறும் உப்பா இருக்கும், உள்ள தள்ளி கால்சியமா இருக்கும். கடினத்தன்மைக்கு ஜிஎச், கார்பனேட்டுக்கு கேஎச்னு டெஸ்ட் சொட்டு மருந்து இருக்கு, ஒண்ணு வாங்கிப் பாத்துருங்க. சோப்பு நுரை வரலேன்னா, பக்கெட்ல வெள்ளை படிஞ்சா சுண்ணாம்பு தான், டெஸ்ட்டே வேண்டாம்.

சிறுவாணி_செந்தில்:
சரிங்க சரிங்க, போர் தண்ணின்னா யோசிக்க வேண்டியதுதான். சூட்டுக்கு மட்டும் ஒண்ணு சொல்றேன், மேல கண்ணாடி மூடிய எடுத்துட்டு வலை போட்டு, ஒரு சின்ன ஃபேன தண்ணி மேல படற மாதிரி சாய்ச்சு வைங்க. ஆவியாகும்போதே 2ல இருந்து 4 டிகிரி இறங்கும். ஐஸ் பாக்கெட் போடற வேலையெல்லாம் வேண்டாமுங்க, குப்புனு எறங்கி குப்புனு ஏறும், வெள்ளைப்புள்ளி நோய் வர்றதுக்கு அதுவும் ஒரு காரணமுங்க.

போரூர்_கார்த்தி:
ஃபேன் ஓகே. மூடி எடுத்தா பூனை வராதா, பக்கத்து வீட்டு பூனை ஒண்ணு அடிக்கடி வரும்.

மதுரை_மீனாள்:
பூனை வர்றதுக்கு முன்னாடி மீனே வெளிய வந்துரும், ஜீப்ரா விட்டீங்கன்னா. கொசு வலை அடிச்சு கிளிப் போடுங்க.

நியானுக்குப் பதிலா கார்டினல் பத்தி யாருமே பேசலையே? நியானுக்கு சிவப்பு பாதி உடம்புல இருந்து தான் தொடங்கும், கார்டினலுக்கு தலைக்குக் கீழ இருந்து வால் வரைக்கும் சிவப்பு. ரியோ நீக்ரோ, ஒரினோகோ பக்கத்து மீன், 28, 29 டிகிரி சூடு தாங்கும். கேன் தண்ணி கலந்து, ஃபேன் வச்சு, பாதாம் இலை ரெண்டு போட்டா கார்த்தி தம்பிக்கு அதான் என் ஓட்டு. இலைய கடைல காசு குடுத்து வாங்காதீங்க, நம்ம தெருவுல நிக்கிற வாதாங்கொட்டை மரம் தான், காஞ்சு விழுந்தத பொறுக்கி கழுவிப் போடுங்க. பச்சை இலை கூடாது. தண்ணி கொஞ்சம் பழுப்பாகும், மீனுக்கு அது நல்லது.

அக்வா_நெல்லை:
கார்டினல் விலை ஜாஸ்தி. அது இன்னமும் நிறைய ஆத்துலயே பிடிச்சு வர்ற மீன், பிரேசில்ல பார்சிலோஸ்னு ஒரு ஊரே இந்தத் தொழில நம்பி இருந்துச்சு. காட்டு மீன்னா பாவம்னு சிலர் சொல்லுவாங்க, அங்க கதை வேற. வெள்ளம் வடியும்போது குட்டைல மாட்டி பெரும்பாலான மீன் எப்படியும் செத்துரும், மீன் பிடிச்சு பிழைக்கறதால ஜனங்க காட்ட வெட்டாம வச்சிருக்காங்க.

நம்ம பக்கம் அப்படி நடக்கல. மிஸ் கேரளான்னு சொல்ற டெனிசன் பார்ப், சிவப்புக் கோடு போட்ட நம்ம மேற்குத் தொடர்ச்சி மலை மீன், 1997ல சிங்கப்பூர்ல நடந்த அக்வாராமா அலங்கார மீன் கண்காட்சில பேர் வாங்கின பிறகு ஏற்றுமதிக்கு அள்ளு அள்ளுன்னு அள்ளி இப்ப அழியற ஆபத்துல இருக்கற பட்டியல்ல நிக்குது. கார்த்தி அதைப் பாத்து ஆசைப்பட்டாலும் வாங்காதீங்க. அரை அடிக்கு வளரும், 4 அடி டேங்க்கும் நல்ல ஓட்டமான தண்ணியும் வேணும்.

யாழ்_தொட்டி:
இஞ்ச யாழ்ப்பாணத்தில எங்கட கிணத்துத் தண்ணி சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால வாறது, கேத்திலுக்குள்ள வெள்ளை வெள்ளையாப் படிஞ்சு கிடக்கும். அதால நான் நியோன் பக்கம் போறேல்ல. ரெண்டு மீன் சொல்லுறன். ஒண்டு எக்ஸ்ரே டெட்ரா, உடம்புக்குள்ளால முள்ளு தெரியும், கடுந்தண்ணியும் தாங்கும், அதின்ர ஊரில கொஞ்சம் உவர் கலந்த தண்ணியிலயும் இருக்கிற மீன். மற்றது செரி பார்ப். எங்கட நாட்டு மீன் எண்டு எல்லாரும் சொல்லுவினம், ஆனா யாழ்ப்பாணத்து மீன் இல்ல, தென்மேற்கில களனி கங்கைப் பக்கத்து நிழல் ஓடையள்ல இருக்கிறது. அங்கத்தைத் தண்ணிக்கும் எங்கட கிணத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல, பண்ணையில வளந்தது எண்டபடியா சமாளிக்குது. கூட்டமா ஒரே திசையில ஓடாது, அங்கங்க செடிக்குள்ள மேயும், பயந்தா மட்டும் ஒண்டாச் சேரும். உங்கட மகள் கேக்கிற மாதிரி அணிவகுப்பு வேணுமெண்டா இது சரிவராது.

தொட்டி_ரவி:
இது முக்கியமான பாயிண்ட், கார்த்தி கவனிங்க. சேந்து இருக்கறது வேற, ஒரே திசைல அணியா நீந்தறது வேற. பயமே இல்லாத டேங்க்ல நியான் கூட பரவித் தான் நிக்கும், யூடியூப் வீடியோல ஒரே கட்டா போகுதுன்னா பாதி நேரம் புது டேங்க், இல்ல கேமராக்காரர் கண்ணாடிய தட்டிருப்பார்.

என் ஓட்டு ஜீப்ராவுக்கு. யாரும் மதிக்க மாட்டாங்க, விலை கம்மிங்கறதால. கங்கை, பிரம்மபுத்திரா பக்கத்து வயல் வாய்க்கால்ல இருக்கற மீன், ஹாமில்டன்னு ஒரு ஆராய்ச்சியாளர் 1822லயே கங்கை மீன்கள் புத்தகத்துல எழுதி வச்சிட்டார். வயல் தண்ணின்னா குளிர்லயும் கிடக்கும், சித்திரை வெயில்லயும் கிடக்கும். அதனால தான் உங்க மாடி வீட்டுக்கும் அது ஒத்துவரும், 900 தண்ணியும் மெதுவா பழக்கினா தாங்கும், நீங்க வாழ்நாள் பூரா கேன் சுமக்க வேணாம். நாள் பூரா நீளவாக்குல ஓடிட்டே இருக்கும், அணிவகுப்பு கேட்ட பொண்ணுக்கு இதவிட வேற என்ன வேணும்.

மதுரை_மீனாள்:
பொண்ணு கேட்டது நீலமும் சிவப்பும், நீங்க கோடு போட்ட சாம்பல காட்டுறீங்க. ஒரு மாசம் கேன் தூக்கினா ஒண்ணும் ஆயிராது ரவி.

தொட்டி_ரவி:
மொதல் மாசம் எல்லாரும் தூக்குவாங்க மேடம். ஆறாவது மாசம் கேன்காரர் வரலன்னா நேரா போர் பைப்பு தான். தண்ணி திடீர்னு மாறறது தான் மீனைக் கொல்லும், நிலையா இருக்கற 900 கூட அவ்ளோ கொல்லாது.

மதுரை_மீனாள்:
அதுக்கு மழைத் தண்ணி பிடிச்சு வைக்கலாம். சரி விடுங்க, அவர் வீடு அவர் முடிவு.

போரூர்_கார்த்தி:
கடைல பச்சை, பிங்க் கலர்ல லைட் மாதிரி அடிக்கற ஜீப்ரா இருந்துச்சே, அது சாயம் ஏத்தினதா?

அக்வா_நெல்லை:
ஜீப்ரா ஷேப்ல அப்படி ஒளிர்ந்தா அது மரபணு மாத்தினது. 1999ல சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்துல ஜெல்லிமீனோட ஒளிர் புரத ஜீனை ஜீப்ராவுக்குள்ள வச்சாங்க, தண்ணில மாசு இருந்தா காட்டிக் குடுக்கற மீனா ஆக்கலாம்னு யோசிச்சது, கடைசில அலங்கார மீனா வித்துப் போச்சு. அதுக்கு வலி கிடையாது, பிறவிலயே அந்தக் கலர். ஊசில சாயம் ஏத்தறது வேற, கண்ணாடி மீன்னு உடம்பு தெரியற மீன் முதுகுல பிங்க் கோடு இருந்தா அது தான். அதை வாங்காதீங்க, அந்தக் காயத்துலயே நிறைய செத்துரும், பொழைச்சதுக்கும் கலர் கொஞ்ச மாசத்துல போயிரும்.

தொட்டி_ரவி:
எல்லாரும் மீனைப் பத்தியே பேசறோம், தண்ணி ரெடியான்னு கேக்கல. கார்த்தி, ஃபில்டர் ஓடிட்டு இருக்குன்னீங்க, சும்மா ஓடினா ஒண்ணும் ஆகாது. மீன் கழிவுல வர்ற அமோனியாவ நைட்ரைட்டாவும் அத நைட்ரேட்டாவும் மாத்தற பாக்டீரியா ஸ்பாஞ்சுல குடியேறணும், அதுக்குத் தீனியே அமோனியா தான், தீனி இல்லாம எதுக்கு வந்து உக்காரும்? தினம் ஒரு சிட்டிகை மீன் தீனிய போட்டு அழுகவிடுங்க, இல்ல யாராவது நண்பர் டேங்க்ல ஓடின பழைய ஸ்பாஞ்ச வாங்கி கூட வைங்க. சாதாரணமா 4ல இருந்து 6 வாரம். அமோனியா, நைட்ரைட் ரெண்டும் சைபர் காட்டுனா தான் மீன். உங்களுக்கு இது ரொம்ப முக்கியம், ஏன்னா பிஎச் 7ல இருக்கற அமோனியாவ விட 8ல இருக்கறதுக்கு விஷம் கிட்டத்தட்ட 10 மடங்கு, போர் தண்ணி பெரும்பாலும் 8 பக்கம் தான் நிக்கும்.

ஸ்பாஞ்ச குழாய்ல பிழியாதீங்க. தண்ணி மாத்தும்போது எடுத்த டேங்க் தண்ணிலயே பிழிங்க. கரண்ட் போனா ஓடற மாதிரி சார்ஜ் ஏர் பம்ப் ஒண்ணு வாங்கி வைங்க, அலங்கார பொம்மைய விட அது அவசியம்.

சிறுவாணி_செந்தில்:
மீன் கொண்டு வந்ததும் கவரோட மிதக்க விட்டு, கொஞ்சங்கொஞ்சமா டேங்க் தண்ணிய கவருக்குள்ள சேத்து பழக்கோணும். கடைத் தண்ணிய டேங்க்ல ஊத்திப் போடாதீங்க, வலைல மீனை மட்டும் எடுங்க. முடிஞ்சா தனி டப்பால ரெண்டு வாரம் வச்சுப் பாருங்க. நியான் வாங்குனீங்கன்னா கடைலயே முதுகுப் பக்கம் சதை வெள்ளையா திட்டு விழுந்திருக்கான்னு பாருங்க, அந்த நியான் நோய்க்கு மருந்தே கிடையாதுங்க, அந்தத் தொட்டி மீன் ஒண்ணையும் தொடாதீங்க.

மதுரை_மீனாள்:
காலைல லைட் போட்ட உடனே நியானோ கார்டினலோ கலரே இல்லாம வெளிறி இருக்கும், அதப் பாத்துட்டு நோய்னு மெத்திலீன் ப்ளூ ஊத்தறவங்க உண்டு. அந்த நீலம் சாயம் இல்ல, தோலுக்குள்ள இருக்கற சின்னச் சின்ன படிகத் தகடு வெளிச்சத்த திருப்புறதால வர்ற நிறம், இருட்டுல மங்கிரும். கொஞ்ச நேரத்துல தானா வந்துரும், கைய கட்டிட்டு இருங்க.

போரூர்_கார்த்தி:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. பொண்ணுகிட்ட பேசினேன், ஜீப்ரா 12. தண்ணிய அதுக்குள்ள ரெடி பண்றேன். மே தாண்டி ஃபேன் எப்படி வேலை செய்யுதுன்னு பாத்துட்டு கார்டினல் யோசிக்கலாம்னு இருக்கேன், மீனாள் அக்கா கோச்சுக்காதீங்க. ஜீப்ரா குட்டி போடுமான்னு கேக்குறா.

மதுரை_மீனாள்:
கோவமெல்லாம் இல்ல தம்பி. குட்டி போடாது, முட்டை. விடியக்காலைல லைட் வந்ததும் தொரத்திக்கிட்டே சிதறவிடும், போட்ட கையோட தானே திங்கவும் செய்யும். அதுக்குத் தனியா ஒரு சின்னத் தொட்டி வச்சு அடியில கோலிக்குண்டு ரெண்டு அடுக்கு பரப்பி, ராத்திரி ஒரு பெண்ணும் ரெண்டு ஆணும் விடுங்க. பெண் வயிறு உப்பலா இருக்கும், ஆண் ஒல்லியா கோட்டுக்கு நடுவுல கொஞ்சம் பொன்னிறம் அடிக்கும். முட்டை குண்டு சந்துல விழுந்துரும், வாய் எட்டாது. காலைல பெருச எல்லாம் எடுத்துருங்க. முட்டை கண்ணாடி மாதிரி இருக்கும், ஒரு நாள்லயே உள்ள இதயம் துடிக்கறது லென்ஸ் வச்சா தெரியும், ஆராய்ச்சிக்கூடங்கள்ல இந்த மீனை வச்சிருக்கறதுக்கு அதுவும் ஒரு காரணம். ரெண்டு மூணு நாள்ல பொரிக்கும்.

போரூர்_கார்த்தி:
லென்ஸ் இருக்கு வீட்டுல. பொரிச்சா என்ன தீனி?

அக்வா_நெல்லை:
பொரிச்ச உடனே ஒண்ணும் போடாதீங்க, வயித்துல மஞ்சக்கரு இருக்கும். நீந்த ஆரம்பிச்ச பிறகு இன்ஃபுசோரியா, அதாவது தண்ணில வர்ற நுண்ணுயிர், வாழைப்பழத் தோலைத் தண்ணில போட்டு வச்சாலே வந்துரும், தனித் தொட்டில முன்னாடியே ரெடி பண்ணிக்கோங்க. ஒரு வாரம் கழிச்சு ஆர்ட்டீமியாங்கற உப்புநீர் குட்டி இறாலோட குஞ்சு. அவிச்ச முட்டை மஞ்சக்கருவ துணில கட்டி பிழியறவங்க இருக்காங்க, தண்ணி ரொம்ப சீக்கிரம் கெட்டுப்போகும், வேற வழி இல்லேன்னா மட்டும்.